தும்மல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 36. ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை. கல்லூரி நாள்களிலிருந்தே காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பதினைந்து இருபது தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு என்று பழகிப்போனவர். வீட்டுப் பெரியவர்கள் அதைப் பீனிசம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இரவில் மூக்கு அடைத்துக்கொள்வதால், இரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடையில் தாமே வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொண்டுதான் படுக்கிறார். எட்டு மாதங்களாக ஒரு புதுத் தொல்லை: விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது, நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது.

நுரையீரல் மருத்துவர் மூச்சை ஊதச் சொல்லிப் பரிசோதித்து, ஆஸ்துமா என்று உறுதிசெய்து, தினமும் இழுக்க ஓர் இன்ஹேலரும் அவசரத்துக்கு நீல நிற இன்ஹேலர் ஒன்றும் கொடுத்திருக்கிறார். "பழக்கமாகிவிடும்" என்று உறவினர்கள் பயமுறுத்தியதால் தினசரி இன்ஹேலரை இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டு, நீல இன்ஹேலரை மட்டும் வைத்து வாசகி காலம் தள்ளுகிறார். எட்டு மாதத்தில் ஐந்து டப்பா தீர்ந்திருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, விரும்பினால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்கிறார். மூக்குச் சளி இறங்கித்தான் ஆஸ்துமா வந்ததா, அறுவை சிகிச்சை செய்தால் இரண்டும் தீருமா, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை போதாதா, இப்போதே தும்மத் தொடங்கிவிட்ட ஏழு வயது மகனுக்கும் இது வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்று பக்கக் கடிதத்தை இருமுறை படித்தேன். உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன்பு, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அவசரமானது அதுதான்.

முதலில் அந்தத் தலைவலி மாத்திரை

இரண்டாம் பக்கத்தில், போகிற போக்கில், "பத்து மாதமாக ஒற்றைத் தலைவலிக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறேன், அது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு விஷயமில்லை. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க உதவும் நல்ல மருந்துதான். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதும் அதுவே. மூச்சுக்குழலைத் தளர்த்தி விரித்துவைக்கும் பீட்டா ஏற்பிகளை (மருந்து வந்து ஒட்டும் இடங்களை) அது அடைத்துவிடுகிறது. உங்கள் நீல இன்ஹேலரில் உள்ள சால்புடமால் வேலை செய்வதும் அதே ஏற்பிகள் வழியாகத்தான். ஆக, ஒரு கையால் கதவைத் திறக்க முயன்றுகொண்டே மறுகையால் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மாத்திரை தொடங்கிப் பத்து மாதம், நெஞ்சுத் தொல்லை தொடங்கி எட்டு மாதம் என்ற கணக்கைப் பார்த்து, மாத்திரைதான் ஆஸ்துமாவை உண்டாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை ஆண்டுத் தும்மலுக்குப் பின்னால் ஆஸ்துமா தானாகவே வந்திருக்கலாம். சத்தமில்லாமல் இருந்ததை மாத்திரை வெளியே கொண்டுவந்திருக்கவும் கூடும். கடிதத்தை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது. உங்கள் மருத்துவர்கள் யாரையும் குறைசொல்வதற்கும் இடமில்லை. தலைவலிக்கு மருந்து எழுதியபோது உங்களுக்கு மூச்சிரைப்பு இல்லை. நெஞ்சைப் பரிசோதித்தவரிடம் "தலைவலி மாத்திரைதானே" என்று நீங்களே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இந்த வாரமே இருவரில் ஒருவரிடம் பேசி, வேறு மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க, மூச்சுக்குழலைத் தொடாத மருந்துகள் பல இருக்கின்றன. ஆனால், இதைப் படித்த வேகத்தில் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறக்கூடும் என்பதால், எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இதை ஒட்டி இன்னொன்று. தலைவலி வந்தால் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை விழுங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் மூக்கு கனமாக அடைத்து, நெஞ்சு இறுகியது உண்டா என்று நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு வாசனை தெரிகிறதா என்பதைக் கடிதத்தில் காணோம். பெரியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு ஆஸ்துமா, மூக்கினுள் பாலிப் எனப்படும் சதைத்தொங்கல், ஆஸ்பிரின் வகை மருந்துகளுக்கு எதிர்வினை ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும்; வாசனை போய்விடுவது அதன் முக்கிய அடையாளம். அப்படி இருந்தால் அந்த வகை வலிநிவாரணிகளைத் தொடவே கூடாது.

ஒரு குழாய், இரண்டு முனைகள்

இனி உங்கள் முதல் கேள்வி. மூக்குச் சளி தொண்டை வழியாக நெஞ்சுக்குள் இறங்கி ஆஸ்துமாவானது என்று நினைக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் விளக்கம் இது. உடலின் அமைப்பு இதற்கு இடம்கொடுப்பதில்லை. மூக்கின் பின்புறமிருந்து வடியும் சளி தொண்டையை உறுத்தி இருமலைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் குரல்வளை ஒரு கண்டிப்பான காவலாளி. வடிவதை நாம் தூக்கத்திலும் விழுங்கிவிடுகிறோம், அது வயிற்றுக்குப் போகிறது. நெஞ்சில் நீங்கள் உணரும் சளி அங்கேயே, மூச்சுக்குழலின் சுவரிலேயே சுரந்தது.

அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, நீங்கள் நினைத்ததைவிட நெருக்கமாக. மூக்குத் துளையில் தொடங்கி நுரையீரலின் சிறு கிளைகள் வரை போவது ஒரே காற்றுப்பாதை. அதன் பெரும்பகுதியை மூடியிருப்பது நுண்ணிய மயிரிழைகள் கொண்ட ஒரே வகைச் சவ்வு. ஒவ்வாமை உள்ளவர்களின் உடல், தூசி உண்ணியையோ மகரந்தத்தையோ பகையாகக் கருதி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அது சவ்விலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமை அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தத் தூசி வந்து பட்டதும் சில நிமிடங்களில் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அதுதான் தும்மலும் அரிப்பும். நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் படையெடுத்துவரும் இரண்டாம் அலை அடிக்கிறது. அதுதான் நீண்ட அடைப்பும் சுவரின் வீக்கமும். ஒவ்வாமைப் பொருளை மூக்கில் மட்டும் தெளித்துவிட்டு, மறுநாள் மூச்சுக்குழலின் சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், தொடப்படாத அந்த மூச்சுக்குழலிலும் இயோசினோஃபில்கள் கூடியிருந்தன. அழற்சிக்கான அழைப்பு சளியின் வழியாகப் போகவில்லை, இரத்தத்தின் வழியாகப் போயிருக்கிறது.

இரு முனைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது புரிந்தால் மருந்துகளின் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். மூக்கின் சுவரில் இருப்பவை இரத்தக் குழாய்கள். அவை புடைத்தால் மூக்கடைப்பு. மூச்சுக்குழலைச் சுற்றியிருப்பது தசை. அது சுருங்கினால் இரைப்பு. இரத்தக் குழாயைச் சுருக்கும் மூக்குச் சொட்டு நெஞ்சுக்கு உதவாததும், தசையைத் தளர்த்தும் நீல இன்ஹேலர் மூக்கைத் திறக்காததும் இதனால்தான். இரண்டுக்கும் பொதுவானது சுவரின் அழற்சி. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு, மூக்குக்கு ஸ்ப்ரேயாகவும் நெஞ்சுக்கு இன்ஹேலராகவும் இரு இடங்களிலும் அடிப்படை மருந்தாக இருப்பதும் அதனாலேயே.

மூக்கு அடைத்தால் வாயால் மூச்சுவிடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்பும் உறுப்பு மூக்கு. அது மூடப்பட்ட இரவுகளில் வறண்ட, வடிகட்டப்படாத காற்று நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது.

இந்தத் தொடர்பு மருத்துவ நடைமுறைக்குள் முறையாக வந்தது அண்மையில்தான். 1999-இல் உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து கூடிய ஒரு நிபுணர் குழு, 2001-இல் 'ஆரியா' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. தொடர்ந்து மூக்கழற்சி உள்ளவர்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்களின் மூக்கையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மூக்குத் தொல்லை இருக்கிறது. மூக்கழற்சி உள்ளவர்களிலோ ஒரு பகுதியினருக்கே ஆஸ்துமா வருகிறது. அப்படியும், மூக்குக்கு ஒரு மருத்துவர், நெஞ்சுக்கு ஒரு மருத்துவர், இரண்டு கோப்புகள் என்பதே இன்றும் நடைமுறை. இரண்டு கோப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு உங்களைப் போன்றவர்களின் தலையில் விழுவது நியாயமில்லை என்றாலும், இப்போதைக்கு அதுதான் நிலை.

இன்ஹேலர் பழக்கமாகிவிடுமா?

ஆகாது. மூக்குக்கண்ணாடி எப்படிப் 'பழக்கம்' இல்லையோ, அப்படித்தான் இதுவும். உண்மையில் நீங்கள் ஒதுக்கிவைத்ததுதான் காப்பாற்றும் மருந்து. நம்பிக்கொண்டிருப்பதுதான் அளவு மீறினால் ஆபத்தானது.

கணக்குப் போடுவோம். நீல இன்ஹேலரின் ஒரு டப்பாவில் வழக்கமாக 200 இழுப்புகள். ஐந்து டப்பாவுக்கு 1,000. எட்டு மாதம் என்றால் 240 நாள். ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு முறைக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள். ஓர் ஆண்டில் மூன்று டப்பா அல்லது அதற்கு மேல் தீர்த்தாலே கடும் மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்கிறது உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலான 'ஜினா'. நீல இன்ஹேலரை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கும் முறையே கூடாது என்று அது 2019-இல் சொல்லிவிட்டது. சால்புடமால் தசையைச் சில மணி நேரம் தளர்த்துகிறது. சுவரின் அழற்சியைத் தொடுவதே இல்லை. நிம்மதியாக இருப்பதாக நீங்கள் நினைக்கும் அந்த நேரத்திலும் உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அளவைப் பற்றியும் பயப்படுகிறீர்கள். சால்புடமாலின் ஓர் இழுப்பு 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது நாற்பது இழுப்புக்குச் சமம். மாத்திரை 'லேசானது', இன்ஹேலர் 'கடைசிக் கட்டம்' என்பது தலைகீழான எண்ணம். ஸ்டீராய்டுக்கும் இதே கதைதான். இழுப்பதால் வரக்கூடிய தொண்டைப் பூஞ்சையையும் குரல் கம்மலையும், இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புவதன் மூலம் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

உங்களுக்கு எழுதிக்கொடுத்த தினசரி இன்ஹேலரில் புடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சேர்க்கைக்கு ஒரு வசதி உண்டு: அதையே தினமும் இழுத்து, அவசரத்துக்கும் அதையே பயன்படுத்தும் முறை இருக்கிறது. அப்போது நீல டப்பா அநேகமாகத் தேவைப்படாது. உங்களுக்கு அது பொருந்துமா, ஒரு நாளுக்கு அதிகபட்சம் எத்தனை இழுப்பு என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிவாரண இன்ஹேலரை இழுத்தும் நான்கு மணி நேரம் தாங்கவில்லை, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது யோசிக்கும் நேரமில்லை. இழுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சொட்டு மருந்தும் வளைந்த தண்டும்

பழக்கமாகிவிடும் மருந்து ஒன்று உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறது. யாரும் அதைப் பற்றி உங்களைப் பயமுறுத்தவில்லை. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் இரத்தக் குழாய்கள் முன்னைவிட அதிகமாகப் புடைக்கின்றன. அடைப்புக்காகச் சொட்டு, சொட்டினால் அடைப்பு என்று சக்கரம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டுகளாக நீங்கள் அதில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே வர ஒரு வழி: ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை மருத்துவரின் யோசனையுடன் தொடங்கிவிட்டு, முதலில் ஒரு துளையில் மட்டும் சொட்டை நிறுத்துவது. அது ஒன்றிரண்டு வாரங்களில் திறந்துகொண்ட பிறகு அடுத்த துளையிலும் நிறுத்தலாம். அந்த நாள்களின் இரவுகள் சிரமமாகத்தான் இருக்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது கொஞ்சம் கைகொடுக்கும்.

"ஸ்ப்ரே போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை" என்று சொல்பவர்களை என் முன்னால் ஒருமுறை அடித்துக்காட்டச் சொல்வேன். பெரும்பாலோர் தலையை அண்ணாந்து, முனையை நடுத்தண்டைப் பார்த்து வைத்து, பலமாக உறிஞ்சுகிறார்கள். மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கிறது. தண்டில் பட்ட இடம் புண்ணாகி இரத்தம் கசிகிறது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையையும் இடது துளைக்கு வலது கையையும் பயன்படுத்துங்கள். முனை தானாகவே அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். தும்மல் வந்த நாளில் மட்டும் அடிக்கும் மருந்தில்லை இது.

நடுத்தண்டு கொஞ்சமாவது வளையாத மனிதர்கள் குறைவு. அறுவை சிகிச்சை வளைவை நேராக்கும்; சவ்வின் ஒவ்வாமையை மாற்றாது, ஆஸ்துமாவைத் தீர்க்காது. சொட்டை நிறுத்திவிட்டு, ஸ்ப்ரேயை ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திய பிறகும் ஒரே பக்கம் மூக்கு அடைத்தே இருந்தால், அப்போது அதைப் பேசலாம். சொட்டு மருந்தால் புடைத்திருக்கும் மூக்கைப் பார்த்து இப்போது முடிவெடுப்பது சரியாகாது. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவுடன் மயக்க மருந்துக்குள் போவதும் நல்லதல்ல. இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதலாமவரை அவமதிப்பதாகாது. பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே மாத்திரை

நீங்கள் கேள்விப்பட்டது மாண்டெலுகாஸ்டாக இருக்க வேண்டும். மூக்குக்கும் நெஞ்சுக்கும் சேர்த்து வேலை செய்வது உண்மை. ஆனால் மூக்கில் ஸ்ப்ரேயைவிடவும், நெஞ்சில் ஸ்டீராய்டு இன்ஹேலரைவிடவும் பலம் குறைந்தது. கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்ற விளைவுகளுக்காக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020 மார்ச்சில் அதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. கூடுதல் மருந்தாகச் சிலருக்குப் பயன்படும். உங்கள் இடத்தில் நான் அதில் தொடங்க மாட்டேன். செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை தும்மலையும் அரிப்பையும் அடக்கும், அடைப்புக்கு அவ்வளவாக உதவா. ஆஸ்துமாவுக்கு அவை மருந்தே அல்ல.

மூக்கை ஒழுங்காகக் கவனித்தால் நெஞ்சும் ஓரளவு தேறும், தூக்கம் திரும்பும், இரவு இருமல் குறையும். அந்தத் தேறுதலை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

அலுவலகத் தூசியா, தலையணையா?

பழைய கோப்புகளின் தூசிதான் காரணம், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். பொறுங்கள். உங்கள் தும்மல் படுக்கையை விட்டு எழும்போது வருகிறது; பத்து நாள் விடுமுறையிலும் குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலையிடம் காரணமாக இருந்தால் விடுமுறையில் கொஞ்சமாவது தணிந்திருக்கும். மூக்கழற்சியும் ஆஸ்துமாவும் இயல்பாகவே விடியற்காலையில் கூடும் என்பதால் நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான்; ஆனாலும் என் சந்தேகம் தலையணையின் மேல். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வீட்டுத் தூசி உண்ணி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று மெத்தையில் வாழ்கிறது; ஒவ்வாமை பெரும்பாலும் அதன் கழிவிலுள்ள புரதங்களால் வருகிறது. வேலையை விடுவதற்கும், விலை கூடிய காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதற்கும் முன்னால் தோல் குத்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முடிவு 15 முதல் 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். தும்மல் மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஆஸ்துமாவும் அன்றைக்கு அடங்கியிருக்க வேண்டும்.

உண்ணிதான் என்று தெரிந்தால், விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள், அறையில் ஈரப்பதம் தேங்க விடாதீர்கள். உறையை மட்டும் மாற்றினால் ஆஸ்துமா தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தனி ஒரு நடவடிக்கையால் கிடைக்கும் பலன் சிறிதுதான். ஒவ்வாமைப் பொருளையே சிறு அளவில் தொடங்கி ஊசியாகவோ நாக்கின் அடியிலோ கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை 1911-இலிருந்தே இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். ஆஸ்துமா கட்டுக்குள் வந்த பிறகே தொடங்கலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது அடுத்த ஆண்டுக்கான பேச்சு.

மகனைப் பற்றி

ஒவ்வாமை குடும்பத்தில் ஓடும்; அதனால் அவனுக்கு வாய்ப்பு கூடுதல்தான், விதி அல்ல. தும்மும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆஸ்துமா வருவதில்லை. அவன் உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்க்கிறானா, மூக்கின் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேய்ப்புக்கு மருத்துவர்கள் 'ஒவ்வாமைச் சலாம்' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறோம். கோடு விழ அது மாதக்கணக்கில் நடந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து தூங்குகிறானா, ஓடி விளையாடிய பின் இருமுகிறானா, இரவில் இருமி எழுகிறானா என்பதையும் மூன்று வாரத்துக்கு ஒரு தாளில் தேதி, நேரத்தோடு குறித்துவையுங்கள். மகரந்த ஒவ்வாமையுள்ள பிள்ளைகளிடம், நான் மேலே சொன்ன பழக்கும் சிகிச்சை பின்னால் ஆஸ்துமா அறிகுறிகள் வருவதைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவனுக்கு எதனால் ஒவ்வாமை என்று தெரிந்த பிறகுதான் அதைப் பேச முடியும். நீங்கள் மருத்துவரிடம் போகும்போது அவனையும் கூட்டிப்போங்கள். அந்தத் தாளோடு மூச்சை ஊதிச் செய்த உங்கள் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் நகல், இரண்டு இன்ஹேலர்கள், சொட்டுக் குப்பி, தலைவலி மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.